உப்பும் துளசியும்: மார்கழிக் குறிப்புகள்

மார்கழி 2, புதன்

உறையூர் அம்மா நேற்றிலிருந்து உப்பு எடுப்பதில்லையாம். மாதம் முழுக்க. உப்பில்லாமல் படையல் ஏற்கும் ஒப்பிலியப்பனுக்கு வேண்டுதல். மகன் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, போகிற போக்கில் சொன்னார். உள்ளே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசியதில் வராத சேதி செருப்பு மாட்டும்போது வருகிறது.

மேனியாவுக்கு, அதாவது தூக்கமில்லாமல் மனம் எல்லைமீறிக் கிளர்ந்து நிற்கும் நோய்க்கு, லித்தியம் 900 மி.கி., இரவு பத்து மணிக்கு. கார்த்திகையில் ரத்தத்தில் எடுத்த லித்தியம் அளவு 0.7.

தூக்கம் ஏழு மணி நேரம். தினமும் காலை ஏழு மணிக்கு அந்த ஒரு எண்ணை மட்டும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

மார்கழி 3

ஏழு.

மார்கழி 4, வெள்ளி

மகனுக்கு விளக்க அரைமணி ஆயிற்று. சிறுநீரகத்துக்கு சோடியமும் லித்தியமும் ஏறக்குறைய ஒரே ஆள். உப்பு குறைந்தால் சோடியத்தை வெளியே விடாமல் இழுத்துப் பிடிக்கும். லித்தியமும் கூடவே தங்கிவிடும். மாத்திரை அதே மூன்றுதான், ரத்தத்தில் அளவு மட்டும் ஏறும். 0.6 முதல் 1.0 வரை இருக்கவேண்டியது 1.5-ஐத் தாண்டினால் விஷம். வாந்தி, பேதி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது, மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோபெனாக், எல்லாம் அதே வேலையைச் செய்யும். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டே என்று மாத்திரை டப்பாவைக் கொண்டுவரச் சொன்னேன். இருந்தது. அட்டையில் நாலு காலி.

"உப்பு போட்டுச் சாப்பிடுங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிடலாம். வேண்டுதலை விடமாட்டார், மாத்திரையை விடுவார். லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தினால் மேனியா திரும்ப அதிக நாள் ஆகாது. சாமியையும் மாத்திரையையும் மோதவிட்ட வீடுகளில் தோற்றது எது என்று பார்த்தாகிவிட்டது.

மனநல டாக்டரிடம் சொல்லிவிட்டேன். திங்களன்று ரத்தம். அதுவரை வலிமாத்திரை கூடாது, தண்ணீர் இரண்டரை லிட்டர்.

மார்கழி 5, சனி

மூச்சு வகுப்பு. ஒன்பது பேர். நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. பத்து விநாடிக்கு ஒன்று, நிமிடத்துக்கு ஆறு. முதல் வாரம் ஐந்தே நிமிடம். ஒரு கை தொப்புள்மேல், ஒரு கை மார்மேல். மேல் கை அசைந்தால் தவறு.

எல்லோரும் செய்கிற பிழை ஒன்றுதான்: "மூச்சை நல்லா இழு" என்று எங்கோ கேட்டுவிட்டு வந்து நெஞ்சு புடைக்க இழுப்பது. கரியமில வாயு ரத்தத்தில் குறைந்துவிடும். விரல் நுனி மரத்து, உதடு சில்லிட்டு, தலை சுற்றும். பதற்ற நோய் உள்ளவர் அதை ஹார்ட் அட்டாக் என்பார். பக்தி மிகுந்தவர் சக்தி இறங்கியது என்பார். இரண்டுக்கும் மருந்து ஒன்று: சின்னதாக இழு, நீளமாக விடு.

எண்ண வராதவர்களுக்கு நாமம். வெளிமூச்சில் 'ஓம் நமோ நாராயணாய' நிதானமாக இரண்டு முறை. ஆறு விநாடி தானாக வந்துவிடும். ஜெபமாலை உருட்டுகிறவருக்கும் அப்படியே. லத்தீன் ஜெபமாலையும் யோக மந்திரமும் மூச்சை நிமிடத்துக்கு ஆறுக்குக் கொண்டுவருவதை 2001-இல் இத்தாலியர்கள் அளந்து எழுதினார்கள். நம் பாட்டிகளுக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை.

பின்வரிசைப் பெண் கண்ணை மூட மறுத்தாள். மூடவேண்டாம், விளக்கைப் பார் என்றேன். அடிபட்ட உடம்புக்கு இருட்டு பாதுகாப்பு அல்ல. உடம்பைக் கவனிப்பதையும் பாதத்தில் தொடங்கவேண்டும், நெஞ்சில் அல்ல. வயிறு வேண்டாம் என்றால் வயிற்றைத் தாண்டிப் போகலாம்.

மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி கேட்டார் ஒருவர். மேனியா வந்து போனவர். கிடையாது.

மார்கழி 6

ஆறரை.

மார்கழி 7, திங்கள்

மாலை ஏழுக்கு ரிப்போர்ட்: 2.3.

கை சில்லிட்டது. போனில் வரிசையாகக் கேட்டேன். வாந்தி? இல்லை. பேதி? இல்லை. நடையில் தள்ளாட்டம்? "கோயிலுக்கு நடந்துதானே போனேன் சார்." பேச்சில் குழறல் இல்லை. 2.3 உள்ள ஆள் இப்படிப் பேசமாட்டார்.

லேபில் கேட்டேன், எந்தக் குழாயில் எடுத்தீர்கள்? பச்சை மூடி. பச்சை மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கப் பூசியிருப்பது லித்தியம் ஹெப்பாரின். லித்தியத்தை அளக்க லித்தியம் தடவிய குழாய்! எத்தனை வருடமாக எத்தனை பேருக்கு இப்படி எடுத்தார்களோ, கேட்கவே பயமாக இருக்கிறது.

டாக்டர் சொல்லி உடனே சிவப்பு மூடியில் மறுபடி எடுத்தார்கள். 0.9. ஆனால் அது மாத்திரை போட்டு 21 மணி நேரம் கழித்து எடுத்த ரத்தம். கணக்குப்படி 12 மணி நேரத்தில் எடுக்கவேண்டும். அப்போது இன்னும் கூடுதலாக இருந்திருக்கும். ஆக 2.3 பொய், ஏற்றம் மெய். லேபைத் திட்டி முடித்தபின்தான் இது உறைத்தது.

மார்கழி 8, செவ்வாய்

அம்மாவும் மகனும் அக்கிரகாரத்துப் பட்டரிடம் போனார்கள். நான்தான் அனுப்பினேன். வேண்டுதலை மாற்றுகிற அதிகாரம் எனக்கு இல்லை, அவருக்கு உண்டு.

"பெருமாள்கிட்ட சொல்லிட்டேன் சாமி, இனி எப்படி மாத்தறது?"

"பூமாதேவிக்கு உப்புப் போட்டுச் சமைக்கத் தெரியாதுன்னு உப்பில்லாமச் சாப்பிட்டது அவர். உன்னைச் சாப்பிடச் சொன்னாரா?"

மாற்று வேண்டுதல்: தினம் ஒரு முழம் துளசி மாலை, தன் கையால் கட்டியது.

என் ஒரு மணி நேரத்தைவிட அந்த இரண்டு வரி நன்றாக வேலை செய்தது. கொஞ்சம் பொறாமைதான்.

இரவுச் சாப்பாட்டில் உப்பு. இத்தனை நாளுக்கும் சேர்த்து அள்ளிப் போடக்கூடாது என்று சொல்லியாயிற்று. உப்பு திடீரென்று கூடினால் லித்தியம் அளவு இறங்கிவிடும். பழைய ருசிக்கு எவ்வளவோ அவ்வளவு.

மார்கழி 10, வியாழன்

சாமி வருவதா, நோயா என்று ஒரு மருமகள் கேட்டார். உடுக்கை அடிக்கும்போது வந்து, திருநீறு போட்டதும் இறங்கி, மறுநாள் காலை அடுப்படியில் வழக்கம்போல் நின்றால் அதில் எனக்கு வேலை இல்லை. உடுக்கை இல்லாமல் வந்து, மூன்று நாள் இறங்காமல், தூங்காமல், பீரோவில் இருந்ததை எடுத்துத் தெருவில் கொடுத்துக்கொண்டிருந்தால் உண்டு. எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பதை முதலில் கேட்கவேண்டும். எந்தச் சாமி என்பது அப்புறம்.

மார்கழிதான் கஷ்டம். நாலு மணிக்கே ஒலிபெருக்கி. ஒன்பதுக்குப் படுத்தால் திருப்பாவைக்கு எழலாம். பதினொன்றுவரை சீரியல் பார்த்துவிட்டு எழுந்தால் ஒரு வாரத்தில் கணக்குத் தீர்ந்துவிடும்.

ஆறரை.

மார்கழி 12, சனி

அம்மா மாலையைக் கொண்டுவந்து காட்டினார். வாழைநாரை நனைத்து, இந்தப் பக்கம் ஒரு கொத்து, அந்தப் பக்கம் ஒரு கொத்து, நடுவில் சுருக்கு. கட்டும்போது விரலைப் பார்த்தேன். பொடி நடுக்கம் இருக்கிறது. லித்தியத்தில் அது வழக்கம். சுருக்கு தவறவில்லை. கை உதறி, நார் நழுவி, கொத்து சரியும் நாளில் உடனே போன் என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன். நாமமும் மூச்சும் அந்த முடிச்சிலேயே வருகின்றன: கொத்து வைக்கும்போது உள்ளே, முடியும்போது வெளியே. நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

மார்கழி 13

மனநோய்க்கு வேண்டிக்கொள்ளும் குணசீலம் பெருமாள் கோயிலில் பையனை ஒரு மண்டலம் வைக்கலாமா என்று ஒரு குடும்பம். வைக்கலாம். 48 நாளும் மாத்திரை நிற்கக்கூடாது, டாக்டர் சீட்டு கூடவே இருக்கவேண்டும், கட்டக்கூடாது. சங்கிலியால் கட்டுவது 2017 மனநலச் சட்டப்படி குற்றம் என்றதும் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏர்வாடி மனநோயாளர் காப்பகத் தீ, 2001 ஆகஸ்ட் 6, சங்கிலியோடு எரிந்த 28 பேர். சொல்ல வந்து சொல்லவில்லை.

மார்கழி 14, திங்கள்

காலை பத்து, சிவப்பு மூடி, சரியாக 12 மணி நேரம். 0.8.

நாளை வைகுண்ட ஏகாதசி. அம்மா ஸ்ரீரங்கம் போகவேண்டும் என்கிறார். ஏகாதசியில் தொடங்கும் ராப்பத்து, பத்து நாளும் கோயில் விழாதான், மூன்றாம் நாள் சாயங்காலம் போய்க்கொள்ளலாம் என்று பேசி முடிவு. அரிசி மட்டும் கிடையாது. கோதுமை ரவை உப்புமா உப்போடு, பால், பழம், இரண்டு தம்ளர் உப்புமோர். தண்ணீர் பாட்டில் கையில். மாத்திரை பத்துக்கு. கண்விழிப்பு இல்லை. மேனியா வந்தவருக்குப் பட்டினியைவிட ஒரு ராத்திரி முழுக்க விழிப்பதுதான் எனக்குப் பயம்.

ஒத்துக்கொண்டார். சீக்கிரமாகவே ஒத்துக்கொண்டார்.

மார்கழி 15

எண் வரவில்லை. பத்து மணிக்கு மகன்: பக்கத்து வீட்டாரோடு நடுராத்திரியே ஆட்டோவில் போய்விட்டாராம். பரமபத வாசல் திறக்கும்போது முன்வரிசை. பாட்டில் வீட்டிலேயே இருக்கிறது.

பகலில் ஒன்றரை மணி நேரத்துக்குமேல் தூங்கவிடவேண்டாம், இரவு ஒன்பதுக்கு விளக்கை அணைத்துவிடுங்கள் என்றேன். மோர் குடித்தார். மாத்திரை போட்டார்.

மார்கழி 16, புதன்

நாலு. துவாதசி பாரணைக்கு அகத்திக்கீரை, நெல்லிக்காய், எல்லாம் தானே சமைத்தாராம். விடியற்காலை மூன்றுக்கு. "ரொம்ப உற்சாகமா இருக்காங்க சார்."

துளசி மாலை எத்தனை முழம் என்று கேட்டேன். ஒன்பது.

மார்கழி 17

நாலரை. டாக்டருக்குப் போன் போட்டாயிற்று.