தரைத்தளம் திறந்த கட்டடமும் நிலநடுக்க விசைக் கணக்கும்

மார்த்தாண்டத்தில், தரைத்தளம் முழுவதையும் கார் நிறுத்த விட்டுவிட்டு மேலே மூன்று தளங்களில் வீடுகள் அமையும் கட்டடம் ஒன்றுக்குக் கடந்த மாதம் நிலநடுக்க விசையை இரண்டு முறைகளில் கணக்கிட்டேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நிலநடுக்கம் என்றாலே 2004இல் குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் ஏறிவந்த கடல்தான் நினைவுக்கு வருகிறது. நிலம் பக்கவாட்டில் அசைவதை எண்ணித் தூண்களை வடிவமைக்க வேண்டும் என்றால் வீடு கட்டுவோர் வியக்கிறார்கள். நிலநடுக்க வடிவமைப்புக்கான இந்திய நெறிமுறையான ஐ.எஸ். 1893இன் 2016 பதிப்பு, நாட்டை நிலநடுக்க அபாயத்தின்படி மண்டலங்களாகப் பிரிக்கிறது; அதில் அருகிலுள்ள திருவனந்தபுரம் மூன்றாம் மண்டலத்தில் இருப்பதால், அதற்குரிய 0.16 என்ற மதிப்பையே நானும் எடுத்துக்கொண்டேன்.

கட்டடத்தின் உயரம் 12 மீட்டர், அசையும் திசையில் அதன் நீளம் 16 மீட்டர், எடை 8000 கிலோநியூட்டன், அடியில் பாறை. அதே பதிப்பில், அசைவை ஒரு நிலையான பக்கவிசையாகக் கொள்ளும் எளிய நிலையியல் முறைப்படி, சுவர் நிரப்பிய கட்டடத்தின் அலைவு நேரம், அதாவது ஒருமுறை ஆடித் திரும்ப எடுக்கும் நேரம், 0.09 × 12 / √16 = 0.27 விநாடி. எனவே, நில அசைவைக் கட்டடம் எத்தனை மடங்காக உணரும் என்று சொல்லும் முடுக்கக் கெழு 2.5 ஆகிறது; அதை 0.16இன் பாதியால் பெருக்கி, கம்பிகளைச் சிறப்பு விதிப்படி வளைத்துக் கட்டிய தூண்-உத்தரச் சட்டகத்துக்கான 5 என்ற குறைப்பு எண்ணால் வகுத்தால் எடையில் 4 விழுக்காடு, 320 கிலோநியூட்டன், அடித்தளத்தில் பக்கவிசையாக வருகிறது. இதை உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பகிர்ந்தால், தளங்கள் சம எடையுள்ளவை எனக் கொள்ளும்போது, மேற்கூரைக்கு மட்டும் 171, முதல் கூரைக்கு வெறும் 11.

ஆனால் இரண்டாம் மண்டலத்தில் 15 மீட்டருக்குக் குறைவான ஒழுங்கான கட்டடங்கள் தவிர மற்றவற்றுக்கு கட்டடம் ஆடும் விதங்களையே கணக்கில் எடுக்கும் இயங்கியல் கணக்கு அந்தப் பதிப்பின்படி கட்டாயம் என்பதால், அந்த வகையைச் சேர்ந்த ரெஸ்பான்ஸ் ஸ்பெக்ட்ரம் முறையிலும் செய்தேன். மென்பொருள் தந்த முதல் அலைவு நேரம் ஏறத்தாழ 0.8 விநாடி, பக்கவிசை 140 கிலோநியூட்டன்தான். இயங்கியல் விசை குறைந்தால் அதை நிலையியல் விசைக்கு உயர்த்த வேண்டும் என்று விதி சொல்வதால், எல்லாவற்றையும் 2.3ஆல் பெருக்கினேன். பெருக்கிய பிறகுதான் உறுத்தியது: எண் சரியாகிவிட்டது, கட்டடம் அசையும் விதம் சரியாகவில்லை.

காரணம், நான் சுவர்களை எடையாக மட்டுமே கொடுத்திருந்தேன், விறைப்பாகக் கொடுக்கவில்லை. செங்கல் சுவர்களை, சட்டகத்தின் மூலைக்கு மூலை சாய்வாக முட்டுக்கொடுக்கும் மூலைவிட்டத் தாங்கிகளாகச் சேர்த்து மறுபடி ஓட்டியபோது, மேல் மூன்று தளங்களும் ஒரே பெட்டிபோல நகர்ந்தன. விசை நான்கு கூரைகளுக்கும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்தது, வளைவு முழுவதும் தரைத்தளத் தூண்களில் குவிந்தது. மொத்த விசை அதே 320தான் என்றாலும், எந்தத் தூண் உடையும் என்பதற்கான விடை முற்றிலும் மாறிவிட்டது. 2001 ஜனவரி 26 அன்று புஜ் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் இத்தகைய அடுக்குமாடிகள் சரிந்ததை நினைத்தால், எந்த முறை நவீனமானது என்ற விவாதத்தைவிட, கணக்குக்குள் சுவர் இருக்கிறதா என்ற கேள்வியே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கார் திருப்ப இடம் போய்விடும் என்று உரிமையாளர் தயங்கினார். அசைவுப் படத்தைத் திரையில் காட்டிய பிறகு, படிக்கட்டின் இருபுறமும் 200 மில்லிமீட்டர் கான்கிரீட் சுவர் அமைக்கவும், மறு திசைக்குப் பின்மதில் ஓரம் இன்னும் இரண்டு வைக்கவும் ஒப்புக்கொண்டார். தூண் ரிங்குகளின் கொக்கியை 90 பாகையில் நிறுத்தாமல் 135 பாகைக்கு உள்ளே மடக்க வேண்டும் என்பதைக் கம்பி கட்டுபவருக்கு நானே வளைத்துக் காட்டிவிட்டு வந்தேன். குறைப்பு எண் 5 என்று தாளில் எழுதும் உரிமை அந்தக் கொக்கியிலிருந்துதான் வருகிறது.