88 கவுண்டிகளின் கையொப்பம்

ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சிறு குடிமக்கள் அமைப்பில் நான் பார்த்த வேலையில் பெரும்பகுதி அரசமைப்புத் திருத்தம் கோரிக் குடிமக்கள் கையொப்பமிடும் மனுப் புத்தகங்களைச் சரிபார்ப்பதுதான். ஒரு புத்தகத்தில் ஒரே கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) வாக்காளர்கள் மட்டுமே கையொப்பமிடலாம். தம் முன்னிலையில் இத்தனை பேர் ஒப்பமிட்டனர் என்று திரட்டியவர் அதில் எழுதித் தர வேண்டும். எழுதிய எண்ணிக்கை உள்ளதைவிட ஒன்று குறைந்தாலும் புத்தகம் முழுவதும் தள்ளுபடியாகிவிடும். எனவே ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து இருமுறை எண்ணுவேன்.

அரசமைப்புத் திருத்தத்தைக் குடிமக்களே முன்மொழியும் உரிமை இங்கே 1912 முதல் உண்டு. 44 கவுண்டிகளில் குறிப்பிட்ட அளவு கையொப்பமும், வாக்கெடுப்பில் பாதிக்கு மேல் ஆதரவும் போதும். 2023 ஆகஸ்ட் 8 அன்று வாக்கெடுப்புக்கு வந்த திருத்தமோ 60 விழுக்காடு ஆதரவையும் மாநிலத்தின் 88 கவுண்டிகளிலும் கையொப்பத்தையும் கேட்டது. குறைந்த கையொப்பங்களை ஈடுசெய்யத் தரப்படும் 10 நாள் அவகாசத்தையும் பறித்தது. மக்கள்தொகை 13,000 அளவே உள்ள வின்டன் கவுண்டியில் கையொப்பம் குறைந்தால்கூட மாநிலமே திரண்டு எழுதிய மனு செல்லாமல் போகும். இதற்கு ஆதரவான பிரசாரத்துக்குப் பெருந்தொகை தந்தவர் ஒஹாயோக்காரர் அல்லர். இல்லினாய் மாநிலச் செல்வந்தர் ரிச்சர்ட் யூலைன். மக்களிடம் இதை முதலில் சொல்லுமாறு, திருத்தத்தை எதிர்த்த எங்களுக்குக் கற்பித்திருந்தார்கள்.

ஜூலையில் ஒரு கவுண்டிச் சந்தையில் வயதான பெண்மணி ஒருவர் எங்கள் துண்டறிக்கையை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, செலவு செய்தவர் யார் என்று அடியில் பொடி எழுத்தில் இருந்ததை மட்டும் படித்தார். உங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். நான் திணறினேன், ஏனெனில் எதிர்ப்பு அணிக்கு வந்த பணத்திலும் பெரும்பங்கு வெளிமாநிலத்துப் பணமே. அதை ஒப்புக்கொண்டேன். பிறகு, வேறு வழி தோன்றாமல், இதே மாநிலத்தின் டொலிடோ நகரத்தார் 2019இல் ஈரி ஏரிக்கே சட்ட உரிமைகள் தரும் உரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது பிபி எண்ணெய் நிறுவனம் அதற்கு எதிராக 3 லட்சம் டாலருக்கு மேல் கொட்டியும் மக்கள் அதை நிறைவேற்றியதையும், மறு ஆண்டே நீதிமன்றம் அதைச் செல்லாது என்றதையும் சொன்னேன். பணம் யாருடையதானாலும், மனு எழுதும் கதவையே சாத்துவதற்கு வருவது வேறு வகை என்பது என் எண்ணம். அவர் தலையசைக்கவில்லை; துண்டறிக்கையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்று முதல் யூலைன் பெயரை முதலில் சொல்வதை நிறுத்திவிட்டு, வின்டன் கவுண்டியிலிருந்து பேச்சைத் தொடங்கினேன். மேலாளருக்கு அது பிடிக்கவில்லை.

ஆகஸ்டில் 57 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். நவம்பரில் கருக்கலைப்பு உரிமைத் திருத்தம் நிறைவேறியபோது அதற்குக் கிடைத்த ஆதரவும் கிட்டத்தட்ட அதே 57 விழுக்காடுதான். 60 என்ற வரம்பு வந்திருந்தால் அது தோற்றிருக்கும்.