ஓல்ட் பாதிரியாரின் புளியந்தீவில்

மட்டக்களப்புக்குப் போகிறவர்கள் பாடும் மீனைப் பற்றிக் கேட்பார்கள், ஒல்லாந்தர் கோட்டையைச் சுற்றிப் பார்ப்பார்கள். நான் போனது, இருநூறு வருஷங்களுக்கு முன் இங்கிலாந்திலிருந்து இங்கே ஊழியத்துக்கு வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் பாதிரியாருக்காக. மெதடிஸ்த சபையில் பிறந்து வளர்ந்த எனக்கு அது நெடுநாள் ஆசை.

புளியந்தீவில் வாவிக் கரையோரம் அவருடைய சிலை இருக்கிறது. வெயில் ஏறுமுன்பே போய்விட்டேன். பக்கத்தில் ஒருவர் வீச்சுவலையை உதறி, வலைக்கண்ணில் சிக்கியிருந்த பொடி மீன்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். சிலையடியில் நின்று கர்த்தருடைய ஜெபத்தைச் சொன்னேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வரவில்லை. அவர் வந்து சேர்ந்த விதந்தான் மனதை நிறைத்திருந்தது.

1813 டிசம்பர் கடைசியில் மெதடிஸ்த சபைத் தலைவர்களில் ஒருவரான டாக்டர் தோமஸ் கோக் தலைமையில் இங்கிலாந்திலிருந்து இரண்டு கப்பல்களில் புறப்பட்ட மிஷனரிக் கூட்டத்தில் ஓல்டும் ஒருவர். இலங்கை ஊழியத்துக்காகத் தன் சொந்தப் பணத்தையே கொடுக்க முன்வந்த கிழவர் கோக். பயணம் தொடங்கிச் சில வாரங்களிலேயே ஓல்டின் மனைவி கப்பலில் இறந்துபோனார். உடலைக் கடலில்தான் அடக்கம் செய்தார்கள். 1814 மே 3 காலையில் கோக்கும் தன் அறையில் உயிரற்றுக் கிடந்தார். அவரை இந்து சமுத்திரம் வாங்கிக்கொண்டது. மனைவியும் இல்லை, தலைவரும் இல்லை. அப்போதே ஓல்ட் ஊருக்குத் திரும்பியிருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்?

அவர் திரும்பவில்லை. ஜூன் 29இல் காலியில் கரையிறங்கினார்கள். அங்கே ஊழிய இடங்களைப் பிரித்துக்கொண்டபோது கூட வந்த மிஷனரிகளில் லிஞ்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணத்துக்கு இருவராகப் போனார்கள். கிளவ் காலியில் தங்க, எர்ஸ்கின் அதிக தூரமில்லாத மாத்தறைக்குப் போனார். ஓல்டுக்கு மட்டக்களப்பு. மற்றவர்களை விட்டு வெகுதூரம், துணைக்கு ஆளில்லை, பாஷையும் புதிது.

அவர் இங்கே வாழ்ந்தது ஏறக்குறைய எட்டு மாதம் மட்டுமே. அதற்குள் பிள்ளைகளைக் கூட்டிப் படிப்பிக்கத் தொடங்கிவிட்டார். 1815 ஏப்ரல் 1இல் நோயுற்று இறந்தார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொண்டாடுகிறது. கல்லூரியின் ஸ்தாபகர் என்றே அவரைப் புகழ்கிறோம், அது சரிதான். ஆனால் எனக்கு அவர் முதலில் ஒரு விசுவாசி. மனைவியைக் கடலில் விட்டுவிட்டு வந்த துக்கம் ஆறுமுன்பே, முன்பின் தெரியாத ஊரின் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுக்க உட்கார்ந்த மனிதர். விசுவாசத்தைப் பற்றிக் கேட்ட எத்தனையோ பிரசங்கங்களைவிட இது என்னை உலுக்குகிறது.

கல்லூரிப் பக்கமாக நடந்தபோது வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். கிறிஸ்தவப் பிள்ளைகளோடு நெற்றியில் திருநீறு பூசியவர்களும் இருந்தார்கள். ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். ஓல்டோடு சேர்த்து, கல்லறைகூட இல்லாமல் போன அந்த அம்மாவுக்காகவும் சொன்னேன்.

எங்கள் ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளை அடுத்து இங்கே கூட்டிவர வேண்டும். முதலில் காலிக்குப் போய், அங்கிருந்து மட்டக்களப்பு வரை வந்தால் அந்தத் தூரம் அவர்களுக்கும் புரியும்.