4 மில்லிமீட்டர் ரப்பரும் சென்னைத் தரையும்: சேப்பாக்கம் முதல் திருமயிலை வரை

சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கி வாலாஜா சாலையில் கிழக்கே நடந்தால் உழைப்பாளர் சிலை. அங்கிருந்து மெரினாவின் உட்புறச் சாலையில் தெற்கே கலங்கரை விளக்கம், சாந்தோம், கச்சேரி சாலை, கபாலீசுவரர் கோயில், கடைசியில் திருமயிலை நிலையம். மொத்தம் சுமார் 6 கிலோமீட்டர். வெறுங்காலில் நடப்பது போலவே இருக்கச் செய்யப்பட்ட மெல்லிய 'பேர்ஃபுட்' ஷூ போட்டுச் சென்னையில் நடந்து பார்க்க இதைவிட நல்ல பாதை கிடையாது. தார், சிமென்ட், கிரானைட், மணல், உடைந்த நடைபாதை, கோயில் கருங்கல் எல்லாம் ஒரே காலைப் பொழுதில் வந்துவிடும்.

முதலில் ஷூவைப் பற்றி. குதிகாலும் முன்பாதமும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கும். சாதாரண ஓட்ட ஷூக்களில் குதிகால் பெரும்பாலும் 8 முதல் 12 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கும். அடிப்பாகம் 3 முதல் 8 மில்லிமீட்டர், கையால் சுருட்டி உள்ளங்கையில் அடக்கிவிடலாம். விரல்கள் இருக்கும் இடம் கூம்பாகக் குறுகாமல் பாதத்தின் வடிவத்திலேயே அகன்றிருக்கும். உள்வளைவுக்கு முட்டுக் கொடுக்கும் மேடு கிடையாது. அவ்வளவுதான். ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிகிற வகை இதில் ஒன்று மட்டுமே. "என்னப்பா, தவளைக் கால் மாட்டியிருக்க?" என்ற கேள்வி வேண்டாம் என்றால் சாதாரண ஷூ போலவே தோன்றும் வகையை வாங்கலாம், பத்தில் ஒன்பது பேர் கவனிக்கவே மாட்டார்கள்.

பத்தாவது ஆள் கேட்பது ஒரே கேள்விதான்: "வெறுங்கால்ல நடக்கறதுக்கு எதுக்குய்யா எட்டாயிரம்? கழட்டிப் போட்டா சும்மாதானே!" திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலத்தை வெறுங்காலில் சுற்றுகிற, பழனிக்குப் பாதயாத்திரை போகிற ஊரில் இந்தக் கேள்விக்குக் கனம் உண்டு. பதிலும் தரையிலேயே இருக்கிறது. வாலாஜா சாலை ஓரத்தில் நூறடி நடந்தால் போதும்: பாட்டில் சில்லு, மாட்டுச் சாணம், வெற்றிலைத் துப்பல், பெயர்ந்த பேவர் கல்லின் கூர்முனை. அடியில் இருக்கும் 4 மில்லிமீட்டர் ரப்பர் இவற்றுக்காகத்தான். நீண்ட ஆணியையோ கருவேல முள்ளையோ அது தடுக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த கேள்வி, "ஹவாய் செருப்பு இல்லையா?" தெருமுனைக் கடைக்கு அதுவே போதும். ஆனால் குதிகாலைப் பிடிக்க அதில் எதுவும் இல்லாததால், ஒவ்வொரு அடியிலும் செருப்பு கழன்றுவிடாமல் விரல்கள் மடங்கி அதைக் கவ்விக்கொண்டே இருக்கும். விரல் விரிந்து தரையை அழுத்த வேண்டிய நேரத்தில் செருப்பைப் பிடிக்கும் வேலையில் மாட்டிக்கொள்கிறது. பள்ளிக்கூட வெள்ளை கான்வாஸ் ஷூவோ தட்டையானதுதான், மெல்லியதுதான், முன்பக்கம் மட்டும் குறுகல். சுண்டுவிரலில் ஆணி விழுந்தவர்களுக்கு அது தெரியும்.

உழைப்பாளர் சிலையருகே ஒரு நிமிடம் நிற்கலாம். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959 முதல் அங்கே இருக்கிறது. பாறையை நெம்பும் நாலு பேரின் காலையும் பாருங்கள்.

உட்புறச் சாலை சமதளம். நடையைத் திருத்திக்கொள்ள இதுதான் இடம். தடித்த ஷூவில் காலை நீட்டி வைத்துக் குதிகாலில் 'தப்'பென்று விழுந்து பழகியிருப்போம். அதே நடை இங்கே நடந்தால் அதிர்வு முழங்காலுக்கு ஏறும். அடியைக் கொஞ்சம் குறுக்குங்கள். பாதம் உடலுக்கு நேர்கீழே இறங்கட்டும், முழங்கால் லேசாகத் தளர்ந்திருக்கட்டும். குதிகால் முதலில் தொடலாம், இடிக்கக் கூடாது. காதுதான் அளவுகோல்: சத்தம் கேட்டால் தவறு. காதில் பாட்டு மாட்டிக்கொண்டு இதைப் பழக முடியாது.

நடைபாதையில் மஞ்சள் கல் பதித்த இடம் வந்தால் மெதுவாகப் போங்கள். பார்வையற்றோருக்கான கற்கள் அவை. நீளக் கோடுகள் இருந்தால் 'போகலாம்', புள்ளிகள் இருந்தால் 'நில், கவனி'. தடித்த ஷூவில் இரண்டும் ஒன்றுதான். மெல்லிய அடிப்பாகத்தில் கோடும் புள்ளியும் உள்ளங்காலில் தனித்தனியாகப் படும். கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம், கோடு எங்கே முடிந்து புள்ளி எங்கே தொடங்குகிறது என்று. கற்கள் நேராகப் பதிக்கப்படாமல் மரத்தில் போய் முட்டுகிற இடங்களும் அப்படியே தெரியும்.

மணலில் இறங்குவதாக இருந்தால் ஷூவைக் கழற்றிவிடுங்கள் என்று பலர் சொல்வார்கள். மெரினாவின் மேல்மணலில் அது சரியல்ல. தூண்டில் முள்ளும் கண்ணாடியும் புதைந்திருக்கும். உலர்ந்த மணலில் குதிகால் புதைவதால் கெண்டைக்கால் இரட்டை வேலை செய்கிறது, தொடக்கக்காரருக்குப் பத்து நிமிடமே அதிகம். அலை நனைத்த கெட்டி மணல் சுலபம், ஆனால் அது கடலை நோக்கிச் சரிந்திருக்கிறது. தெற்கே போகும்போது இடது கால் எப்போதும் தாழ்வில். ஒரு பக்கமாகவே 2 கிலோமீட்டர் போனால் இடுப்பும் முழங்காலின் பக்கவாட்டும் சொல்லிக் காட்டும். போன தூரத்தில் பாதியையாவது திரும்பி நடங்கள், அல்லது சாலைக்கு ஏறிவிடுங்கள்.

கலங்கரை விளக்கம் அருகே மெட்ரோ வேலைத் தடுப்புகளைச் சுற்றிப் போகையில் ஜல்லி. ஒற்றைக் கல் நேராகக் குதிகால் நடுவில் குத்தினால் உள்ளே இருக்கும் கொழுப்பு மெத்தை கன்றிப்போகும், ஆற வாரக்கணக்காகும். ஜல்லியில் முழுப் பாதத்தையும் ஒன்றாக வையுங்கள், எடையை மெதுவாக மாற்றுங்கள். பூனை நடை.

கேலி செய்கிறவர்கள் கேட்காத, ஆனால் கேட்க வேண்டிய சந்தேகங்கள் வேறு. இந்த ஷூ கால் வலியையெல்லாம் தீர்த்துவிடும் என்பது நிரூபணமான விஷயமல்ல. ஐவிரல் ஷூ செய்யும் விப்ரம் நிறுவனம், உடல்நலப் பலன்கள் பற்றிய விளம்பரங்களுக்காகத் தொடரப்பட்ட வழக்கில் 2014-இல் 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை அபேபே பிகிலா வெறுங்காலில் வென்றார் என்று எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். 1964 டோக்கியோவில் அதே ஆள் ஷூ போட்டு, இன்னும் வேகமாக ஓடி வென்றதைச் சொல்ல மாட்டார்கள்.

உண்மையான ஆபத்து அவசரம். தசை சில வாரங்களில் பழகும். எலும்பும், கெண்டைத் தசையைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாணும் மாதக்கணக்கில்தான் பழகும். முதல் வாரம் தினம் 10, 15 நிமிடம், அதுவும் சமதளத்தில். மற்ற நேரம் பழைய ஷூ. வாரத்துக்கு ஐந்து நிமிடம் வீதம் கூட்டினால் இந்த 6 கிலோமீட்டருக்கு மூன்று மாதத்துக்கு மேல் ஆகும், ஆகட்டும். ஓட்டத்தை அதன் பிறகு யோசிக்கலாம். கூடவே படி விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது, 15 தடவை வீதம் மூன்று சுற்று.

கெண்டைக்கால் வலி சகஜம், இரண்டு நாளில் போகும். காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகால் சுரீர் என்றால் குதிவாதம் தொடங்குகிறது, நேரத்தைப் பாதியாக்குங்கள். பாதத்தின் மேல்பக்கம், இரண்டாம் அல்லது மூன்றாம் விரலுக்குப் பின்னே உள்ள நீள எலும்பில், விரல்நுனியால் அழுத்தினால் ஒரே புள்ளியில் வலிக்கிறதா? அன்றே நிறுத்துங்கள். மயிரிழை விரிசலாக இருக்கலாம். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும் என்பதால், "எக்ஸ்ரே நார்மல்" என்று மறுபடி நடக்கக் கூடாது.

சுகர் இருந்து பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இந்த ஷூ வேண்டவே வேண்டாம். கல் குத்துவது தெரிவதுதான் இதன் பாதுகாப்பே. அது தெரியாதவருக்கு டாக்டர் சொல்லும் எம்.சி.ஆர். செருப்புதான் (நுண்துளை ரப்பரால் ஆன மெத்தென்ற செருப்பு) சரி.

கச்சேரி சாலையில் நடைபாதை என்பது டிரான்ஸ்ஃபார்மர், ஸ்கூட்டர், இளநீர்க் குவியல் போக மீதி. முன்பக்கம் கெட்டியான காப்பு இல்லாததால் யாராவது மிதித்தால் விரல் நசுங்கும். இதே காரணத்துக்காகக் கூட்டமான பஸ்ஸில் ஓரமாக நில்லுங்கள்.

கபாலீசுவரர் கோயிலில் ஷூவைக் கழற்றியாக வேண்டும். நாடா கட்டும் வகை இந்த ஊருக்குத் தொல்லை, ஒட்டுப்பட்டி வகை நல்லது. டோக்கன் கொடுக்கும் அம்மா, "இதுக்கு அடியே இல்லையே தம்பி" என்று திருப்பிப் பார்ப்பார். களவு போகும் பயம் குறைவு, இதைப் பார்த்து யாருக்கும் ஆசை வராது. பங்குனி தாண்டினால் காலை பத்து மணிக்கே பிராகாரக் கல் சுடும், தென்னைநார் விரிப்பு இருக்கும் இடமாகப் பார்த்து நடங்கள். வெளியே தாரிலும் அதே கதை: ரப்பர் மெல்லியது என்றால் சூட்டையும் அதிகம் தடுக்காது. கத்திரி வெயிலில் ஆறு மணிக்குக் கிளம்பி எட்டரைக்குள் முடிப்பதே புத்தி.

மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் இதோடு இறங்காதீர்கள். உடனே உள்ளே ஊறும்; காலில் கீறல் இருந்தால் எலிக்காய்ச்சல் அபாயம். நனைந்தால் உள்தகட்டை (ஷூவுக்குள் பாதம் படும் தகடு) வெளியே எடுத்து, தினத்தாளைச் சுருட்டித் திணித்து மின்விசிறிக் காற்றில் வையுங்கள். மொட்டைமாடி வெயிலில் போட்டால் பசை விட்டுப்போகும். விட்டுப்போனால் செருப்பு தைப்பவரிடம், "அண்ணே, தைக்காதீங்க, ஒட்டி மட்டும் குடுங்க" என்று முன்பே சொல்லிவிட வேண்டும். இவ்வளவு மெல்லிய அடியில் ஊசி போட்ட ஒவ்வொரு துளையும் தண்ணீருக்கு வாசல்.

வாங்கும்போது: மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், தாளின் மேல் நின்று இரண்டு பாதத்தையும் வரைந்துகொள்ளுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் 6 முதல் 10 மில்லிமீட்டர் இடம் வேண்டும். உள்தகட்டை உருவி அதன்மேல் நின்று பாருங்கள். சுண்டுவிரல் ஓரத்தைத் தாண்டித் தொங்கினால் ஒரு எண் பெரிதாக வாங்குவதால் பயனில்லை, அந்த ஷூவின் வடிவமே உங்கள் காலுக்கானதல்ல.

திருமயிலை நிலையத்தின் நடைமேடைக்கு நிறையப் படி ஏற வேண்டும். முதல் மாதத்தில் மின்தூக்கி இருந்தால் வெட்கப்படாமல் ஏறிக்கொள்ளுங்கள்.