டி1, டி2: மனப்பாடம் செய்து கோட்டை விட்ட கதை

மருந்தியல் வாய்மொழித் தேர்வில் என்னைக் கவிழ்த்தது ஒரே ஒரு கேள்வி. "பார்க்கின்சன் நோயாளிக்கு லெவோடோபா தொடங்கியிருக்கிறோம், வாந்தி எடுக்கிறார். என்ன கொடுப்பாய்?" பார்க்கின்சன், அசைவுக்கு வேண்டிய டோபமின் என்ற வேதிப்பொருள் மூளையில் வற்றுவதால் வரும் நோய். லெவோடோபா, மூளைக்குள் போய் டோபமினாக மாறும் மருந்து. ஆனால் வாந்தி என்ற சொல் காதில் விழுந்ததுமே "மெட்டோகுளோப்ரமைட்" என்றேன். தேர்வாளர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். தப்பு என்று அந்த நொடியே புரிந்தது. சொன்னதைத் திருப்பி விழுங்க முடியுமா?

வாந்தியை நிறுத்தும் அந்த மருந்து, டோபமின் செல்லில் வந்து ஒட்டும் டி2 ஏற்பியை அடைக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. டோபமின் ஏற்பிகள் ஐந்தும் நோட்டில் அட்டவணையாக இருந்தன. டி1, டி5 ஒரு குடும்பம், செல்லுக்குள் சேதி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பியைக் கூட்டும். டி2, டி3, டி4 இன்னொரு குடும்பம், அதைக் குறைக்கும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். அதை ஒரு மனிதர்மேல் வைத்துப் பார்க்கத்தான் வரவில்லை. இத்தனைக்கும் பட்டர்வொர்த் வீட்டில் எங்கள் தாத்தாவுக்கே பார்க்கின்சன்.

மறுதேர்வுக்குப் படித்த நாட்களில் வார இறுதியானால் பினாங்கு தீவிலிருந்து ஃபெர்ரி ஏறி வீட்டுக்குப் போய்விடுவேன். தாத்தா மளிகைக் கடையில் கணக்கு எழுதியவர். அவருடைய பழைய நோட்டுகளைப் புரட்டினால், கை நடுங்கத் தொடங்கும் முன்பே எழுத்து சிறுத்துக்கொண்டு வந்தது தெரியும். பக்கத்தின் முதல் வரி கடுகு என்றால் கடைசி வரி கசகசா. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. நடுமூளையில் உள்ள சப்ஸ்டன்ஷியா நைக்ராவில் டோபமின் சுரக்கும் செல்களில் பாதியளவு அழிந்த பிறகுதான் பெரும்பாலும் நோய் கண்ணில் படும் என்று அப்புறம் படித்தபோது, அந்த நோட்டுதான் ஞாபகம் வந்தது.

நான் உருப்படியாகச் செய்தது ஒன்றே ஒன்று. தினமும் காலையில் வெள்ளைத்தாளில், டோபமின் வந்து சேரும் மூளைப் பகுதியான ஸ்ட்ரையேட்டத்தை வரைந்து இரண்டு பாதை போட்டேன். டோபமின் கொண்டுவரும் சேதி ஒன்றுதான். அதை இரண்டு வீட்டார் இரண்டு விதமாக எடுத்துக்கொள்கிறார்கள். டி1 இருக்கும் நேர்ப்பாதைச் செல்கள் சுறுசுறுப்பாகி, அசைவைத் தூண்டும் தலாமஸை அழுத்தி வைத்திருக்கும் உள் குளோபஸ் பாலிடஸ் என்ற பகுதியை அடக்கும். "நட" என்பது இந்த வீட்டின் குரல். டி2 இருக்கும் சுற்றுப்பாதைச் செல்கள் "நடக்காதே" என்பவை. டோபமின் வந்தால் வாயை மூடிக்கொள்ளும். டோபமின் வற்றினால் முதல் வீட்டில் குரல் எழாது, இரண்டாம் வீட்டில் கூச்சல் அடங்காது. தாத்தா நிலைப்படியில் கால் ஒட்டிப்போய் நிற்பதைப் பார்த்துக்கொண்டே வரைந்ததால், கூட்டல் கழித்தல் குறிகள் அதற்குப் பிறகு எனக்குக் குழம்பவே இல்லை.

இப்போது வாந்தி. மூளையின் வாந்தித் தூண்டல் பகுதி, ரத்தத்தில் வருவதையெல்லாம் மூளைக்குள் விடாத ரத்த-மூளைத் தடைக்கு வெளியே இருக்கிறது. டோம்பெரிடோனும் டி2-வை அடைக்கும் மருந்துதான், ஆனால் அந்தத் தடையை அவ்வளவாகத் தாண்டாது. வாந்தியை நிறுத்தும், ஸ்ட்ரையேட்டத்தைத் தொடாது. இதயத் துடிப்புப் பிரச்சினை உள்ளவருக்கு அதையும் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். மெட்டோகுளோப்ரமைட்டோ உள்ளே புகுந்து, மிச்சமிருக்கும் டோபமினுக்கும் டி2 கதவைச் சாத்திவிடும். அதனால் ஒவ்வொரு மருந்துக்கும் எந்த ஏற்பி என்பதோடு, தடைக்கு எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். டோபமினையே கொடுக்காமல் லெவோடோபாவைக் கொடுப்பதும், வழியிலேயே அது டோபமினாக மாறிவிடாமல் கார்பிடோபாவோ பென்செராசைடோ சேர்ப்பதும் இந்தத் தடைக்காகத்தான்.

தாத்தா மாத்திரையைக் கோப்பிக் கடையில் அரைவேக்காட்டு முட்டையோடு விழுங்குவார். "மருந்து வேலையே செய்யலையேம்மா" என்று என்னிடம் புலம்புவார். புரதத்தின் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலிலும் மூளை வாசலிலும் ஒரே வண்டிக்கு முண்டியடிப்பவை. மருத்துவரைக் கேட்டு, மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னே தள்ளினோம். சட்டைப் பொத்தானை அவரே போடத் தொடங்கினார்.

அந்தக் கோப்பியிலும் பாடம் உண்டு. காஃபின் தடுக்கும் அடினோசின் ஏ2ஏ ஏற்பி, டி2 இருக்கும் அதே செல்களில் உட்கார்ந்து அதற்கு எதிராக இழுப்பது. இந்த வழியில் வந்த இஸ்ட்ராடெஃபிலின் என்ற பார்க்கின்சன் மருந்துக்கு அமெரிக்கா 2019-இல் அனுமதி தந்தது. அதற்காகக் கோப்பி மருந்தாகிவிடாது.

வரலாற்றுக்கு நேரத்தைக் கொட்டாதீர்கள். 1817-இல் ஜேம்ஸ் பார்க்கின்சனின் கட்டுரை, 1950-களின் பிற்பகுதியில் ஸ்வீடன் விஞ்ஞானி கார்ல்சனின் டோபமின் ஆய்வு, அதற்கு 2000-இல் நோபல். இவ்வளவு போதும்.

மறுதேர்வில் வேறு தேர்வாளர். ஹாலோபெரிடால் எடுக்கும் மனநோயாளிக்கு நடுக்கமும் விறைப்பும் வந்திருக்கிறது, லெவோடோபா கொடுக்கலாமா என்றார். இந்த முறை மனதுக்குள் தாளை விரித்துப் பார்த்தேன். "டோபமின் குறையவில்லை, சார். டி2 அடைபட்டிருக்கிறது. கதவைப் பூட்டிவிட்டு விருந்தாளியை அனுப்பிப் பயனில்லை, மனநோயும் கூடலாம். முதலில் ஹாலோபெரிடாலைக் குறைக்கவோ மாற்றவோ பார்க்க வேண்டும்" என்றேன். தலையாட்டினார். அடுத்த கேள்வி சிறுநீரகத்துக்குத் தாவியது. அங்கே மறுபடி உளறினேன், அது வேறு கதை.