45 விநாடி மூச்சு: சப்நாட்டிகா நாட்குறிப்பு

மார்ச் 2

கடலுக்குள் உயிர் பிழைக்கிற வீடியோ கேமான சப்நாட்டிகாவை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கிவிட்டேன், சர்வைவல் மோடில். கதை தெரிந்த கேம்தான். இந்த முறை பார்க்க நினைப்பது ஒன்றே ஒன்று: வண்டி எதுவும் கட்டுவதற்கு முன்னால், உடம்பில் மாட்டுகிற, கையில் பிடிக்கிற பொருட்களை வைத்தே ஆள் எவ்வளவு தூரம் தேற முடியும்?

அன்நோன் வேர்ல்ட்ஸ் நிறுவனம் இந்த கேமை 2014 டிசம்பரில் ஏர்லி ஆக்சஸில், அதாவது முடிவதற்கு முன்பே விளையாடத் தந்து, 2018 ஜனவரியில் முழுமையாக வெளியிட்டது. இத்தனை வருடம் கழித்தும் இதன் ஆரம்பக் கட்டத்துக்கு நிகராக எனக்கு வேறொன்று கிடைக்கவில்லை. காரணம், இதில் லெவல் என்று எதுவும் கிடையாது. எதையாவது கொன்றால் புள்ளி ஏறும், புள்ளி ஏறினால் பலம் கூடும் என்கிற கணக்கே இல்லை. 4546பி கிரகத்தின் கடலில் விழும்போது நம்மிடம் இருப்பது 45 விநாடி மூச்சு. அதை நீட்டிக்கிற ஒவ்வொன்றும் கடலுக்குள் எங்கேயோ ஒரு பொருளாகக் கிடக்கிறது. தேடி எடுத்தால்தான் உண்டு.

இன்று நாம் தப்பி வந்த மிதவைக் கலமான லைஃப்பாடைச் சுற்றி, சேஃப் ஷாலோஸ் என்ற ஆழமில்லாத பகுதியில் மட்டும் நீந்தினேன். சுண்ணாம்புக்கல் திட்டுகளை உடைத்தால் டைட்டானியம் அல்லது தாமிரம் வரும். ஆனால் டைட்டானியத்துக்கு அதை நம்பி இருக்க வேண்டாம். மணலில் கிடக்கிற உலோகச் சிதைவு ஒன்றை எடுத்துவந்து ஃபேப்ரிக்கேட்டர் என்ற பொருள் செய்யும் கருவியில் போட்டால் 4 டைட்டானியம். நாம் வந்த அரோரா விண்கப்பல் உடைந்து சிதறிய இடம் இது, சிதைவுக்குப் பஞ்சமே இல்லை.

மார்ச் 3

முதல் ஆக்சிஜன் டேங்க் தயார். 3 டைட்டானியம் போதும். 45 விநாடி 75 ஆகிவிடுகிறது. எண்ணாகப் பார்த்தால் 30 விநாடிதான் கூடுதல். கடலுக்குள் அந்த 30 விநாடி என்ன செய்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். நேற்று குகை வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். இன்று உள்ளே போய், சுவரில் இருந்த குவார்ட்ஸைப் பறித்துக்கொண்டு, அவசரப்படாமல் வெளியே வந்தேன்.

அடுத்தது ஃபின்ஸ், காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு. இதற்கு 2 சிலிக்கான் ரப்பர் வேண்டும், ரப்பருக்குக் க்ரீப்வைன் என்ற கடற்கொடியின் விதைக்கொத்து வேண்டும். அந்தக் கொடிகள் அடர்ந்த கெல்ப் காட்டில் மஞ்சளாக ஒளிர்ந்துகொண்டு தொங்குமே, அதுதான். ஒரு கொத்திலிருந்து 2 ரப்பர் வருவதால் ஒன்று பறித்தாலே ஃபின்ஸ் முடிந்தது. இரண்டாவது கொத்தையும் பறித்துக்கொண்டால் கத்திக்கும் ரிப்பேர் டூலுக்கும் ஆகும்.

டேங்க் முதலா, ஃபின்ஸ் முதலா என்ற விவாதம் எப்போதும் உண்டு. என் கட்சி டேங்க்தான். ஃபின்ஸுக்கான விதைக்கொத்தைத் தேடிப் போகவே மூச்சு வேண்டும். ஆனால் டேங்கோடு நின்றுவிடவும் கூடாது. டேங்க் மாட்டினால் நீந்தும் வேகம் கொஞ்சம் குறையும், அதை ஈடுகட்டுவது ஃபின்ஸ். இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடுவது உத்தமம்.

இன்னொன்று. ஷாலோஸில் மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக உருண்டையாக நிற்கிற பவளத்தைக் கவனியுங்கள். அதிலிருந்து காற்றுக் குமிழி வந்துகொண்டே இருக்கும். குமிழிக்குள் முகத்தை நீட்டினால் ஆக்சிஜன் ஏறும். அது எங்கெங்கே இருக்கிறது என்று மனதில் பதிந்துவிட்டால் அந்த வட்டாரத்தில் மேலே வந்து வந்து போக வேண்டியதில்லை.

மார்ச் 5

ஸ்கேனர். ஒரு பேட்டரி, ஒரு டைட்டானியம். பேட்டரிக்கு 2 ஆசிட் காளானும் ஒரு தாமிரமும். காளான் ஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாக லைஃப்பாட் அடியிலேயே முளைத்திருக்கிறது.

ஆரம்பத்தில் கிடைக்கிறவற்றில் எதை உயர்வாகச் சொல்வாய் என்று யாராவது கேட்டால் நான் ஸ்கேனரைத்தான் சொல்வேன். அது நேரடியாக மூச்சையோ வேகத்தையோ கூட்டுவதில்லை. ஆனால் மற்ற எல்லாவற்றுக்கும் வழி அதுதான். கடல்தரையில் ஒடிந்து கிடக்கிற கருவித் துண்டுகளை அது படித்துக்கொள்கிறது. தேவையான அளவு துண்டுகளைப் படித்ததும் அந்தக் கருவியின் ப்ளூபிரிண்ட் நம் கைக்கு வந்துவிடும், பிறகு நாமே செய்துகொள்ளலாம். ஏற்கெனவே தெரிந்த கருவியின் துண்டாக இருந்தாலும் ஸ்கேன் செய்யுங்கள், 2 டைட்டானியம் கிடைக்கும். ஆக எந்தத் துண்டும் வீண் இல்லை. கண்ணில் படுகிறதை எல்லாம் ஸ்கேன் செய்துவிட்டு நகர்வது என்று வைத்துக்கொண்டேன், மீன், செடி உட்பட.

ரிப்பேர் டூலும் இன்றே முடிந்தது. அதற்குத் தேவையான கந்தகம் கிடைப்பது க்ராஷ்ஃபிஷ் குடியிருக்கிற செடிக்குள். அருகே போனால் சிவப்பாக ஒன்று பாய்ந்து வந்து வெடிக்கும். செடி திறக்கிற சத்தம் கேட்டதும் பின்வாங்கி, அது வெளியே வந்து வெடித்து முடிந்த பிறகு உள்ளே கையை விட்டால் கந்தகம் நமக்கு. லைஃப்பாடையும் ரேடியோவையும் சரிசெய்தாயிற்று. ரேடியோவை அலட்சியப்படுத்த வேண்டாம். அதில் வருகிற செய்திகள்தான் மூழ்கிய மற்ற லைஃப்பாடுகள் எங்கே என்று காட்டும். அவற்றின் பக்கத்தில் டேட்டா பாக்ஸ் இருக்கும். அந்தப் பெட்டியைத் திறந்தால் ஒரு ப்ளூபிரிண்ட் முழுசாகக் கிடைத்துவிடும், துண்டு பொறுக்கும் வேலையே இல்லை.

மார்ச் 8

இன்று முழுக்கக் கெல்ப் காடு. இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தேன்.

தேடிப் போனது வெள்ளி. அது மணற்பாறைத் திட்டுகளை உடைத்தால் வரும். அதே திட்டில் தங்கமோ ஈயமோகூட வரலாம், எது வரும் என்று உடைக்கும்வரை தெரியாது. காட்டின் தரையிலும் அங்குள்ள குகைகளிலும் இந்தத் திட்டுகள் தாராளமாக இருக்கின்றன. சிக்கல் என்னவென்றால் அது ஸ்டாக்கர் என்ற வேட்டை மீன்களின் இடம். நீண்ட முகமும் பல்லுமாக, தண்டுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து வரும். எனக்குப் பிடித்த வழி, கையில் ஒரு உலோகச் சிதைவை எடுத்துக்கொண்டு போவது. ஸ்டாக்கர்களுக்கு உலோகம் என்றால் உயிர். நாம் போகிற வழிக்கு எதிர்ப்பக்கமாக அதைப் போட்டுவிட்டால் அதைத் தூக்கிக்கொண்டு அலைவதிலேயே மும்முரமாகிவிடும். கத்தியை எடுக்கவே தேவை வரவில்லை.

வெள்ளி கிடைத்ததும் நேராகத் திரும்பி ஹை கெபாசிட்டி டேங்க் செய்தேன். பழைய டேங்க், 2 கண்ணாடி, 4 டைட்டானியம், ஒரு வெள்ளி. கண்ணாடி ஒன்றுக்கு 2 குவார்ட்ஸ். இவ்வளவுதான் செலவு. மூச்சு 135 விநாடியாக ஆகிவிட்டது!

தொடங்கியபோது இருந்ததைப் போல சரியாக மூன்று மடங்கு. புதிதாக விளையாடுகிற பலர் இதைத் தள்ளிப்போட்டுவிட்டு சீமாத் என்ற சிறு நீர்மூழ்கி வண்டிக்காக ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. வண்டிக்கு வேண்டிய துண்டுகள் கிடப்பது ஆழத்தில், சிதைந்த கப்பல் பாகங்களைச் சுற்றி. 75 விநாடியோடு அங்கே போனால் ஒரு துண்டை ஸ்கேன் செய்துவிட்டு மேலே வர வேண்டும், மறுபடி இறங்க வேண்டும். 135 விநாடி இருந்தால் நின்று நிதானமாகச் சுற்றிப் பார்க்கலாம், அப்படிப் பார்க்கும்போதுதான் மறைவில் இருக்கிற இரண்டாவது துண்டு தெரியும். இந்த டேங்க் முதல் டேங்கைவிடக் கனம், வேகம் இன்னும் கொஞ்சம் குறைகிறது. ஃபின்ஸ் காலில் இருப்பதால் தாங்குகிறது.

மார்ச் 9

சாப்பாடு, தண்ணீர் மட்டும். ப்ளேடர்ஃபிஷ் பிடித்துக் குடிநீர், மற்ற மீன்களைச் சமைத்து வைத்துக்கொண்டேன்.

மார்ச் 12

சீகிளைடு வந்துவிட்டது, கையில் பிடித்துப் போகிற உந்துகருவி. துண்டுகள் இரண்டை ஸ்கேன் செய்ய வேண்டும். சிதைவுப் பெட்டிகள் கிடக்கிற இடங்களை விடாமல் சுற்றினால் மாட்டிவிடும். பிறகு ஒரு பேட்டரி, ஒரு தாமிரக் கம்பி, ஒரு டைட்டானியம், ஒரு லூப்ரிகன்ட். லூப்ரிகன்டும் அதே விதைக்கொத்திலிருந்துதான். கெல்ப் காட்டுக்குப் போகும்போதெல்லாம் கூடுதலாகப் பறித்து லாக்கரில் போட்டுவைத்தது இப்போது கைகொடுத்தது.

கையில் பிடித்து இயக்கியதும் தண்ணீர் முகத்தில் கிழிந்து போகிற அந்த வேகம், அப்பா! வேகம் கூடினால் மூச்சும் கூடின மாதிரிதான். மேலே வரும் நேரம் சுருங்குகிறது, மிச்சமாகிற விநாடிகள் அத்தனையும் தேடலுக்கு. சீகிளைடின் முகப்பில் ஒளிவடிவில் நிலத்தோற்றம் தெரியும், விளக்கும் உண்டு. இந்த கேமில் வரைபடமே கிடையாது என்பதால் இருட்டில் தரை எங்கே சரிகிறது, குகை வாய் எங்கே என்று காட்டுகிற அந்தச் சின்னத் தோற்றம் பெரிய உதவி.

திசைக்குக் காம்பஸ். அதுவும் மூழ்கிய லைஃப்பாட் ஒன்றின் அருகே டேட்டா பாக்ஸில் இருந்தது. சிப் மாட்டும் இடத்தில் போட்டாயிற்று. சிப்புக்கு இரண்டு இடம் இருக்கிறது, ஒன்று இன்னும் காலி.

மார்ச் 15

கிராஸி பீடபூமி. சிவப்புப் புல் பரந்த சமவெளி, நடுநடுவே அரோராவின் பெரிய சிதைவுகள். ஷாலோஸின் வெளிச்சம் இங்கே இல்லை. மேலே ரீஃப்பேக் என்ற பிரமாண்ட உயிரினம் ஒன்று முனகிக்கொண்டே கடந்து போனது. முதுகில் செடிகொடியோடு அது போவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன், மூச்சுக் கணக்கு ஒருபுறம் இருக்கட்டும் என்று.

இங்கேதான் ஆழத்தின் விதி தெரிகிறது. 100 மீட்டரைத் தாண்டினால் ஆக்சிஜன் வழக்கத்தைவிட வேகமாகக் குறையும். 200ஐத் தாண்டினால் இன்னும் வேகம். டேங்கில் 135 விநாடி இருந்தாலும் இந்த ஆழத்தில் அது 135 விநாடிக்கு வராது. ஆக்சிஜன் திறன் குறைகிறது என்று கேமின் குரல் ஒரு வரியில் எச்சரிக்கும், எவ்வளவு என்பதை எண் இறங்குகிற வேகத்தைப் பார்த்து நாமே புரிந்துகொள்ள வேண்டும்.

இதற்கு மருந்து ரீபிரீதர் என்ற சுவாச முகமூடி. ப்ளூபிரிண்ட் டேட்டா பாக்ஸில் கிடைக்கும், அந்தப் பெட்டியைத்தான் இன்று திறந்தேன். செய்ய வேண்டியது ஒரு வயரிங் கிட், ஒரு ஃபைபர் மெஷ். வயரிங் கிட்டுக்கு 2 வெள்ளி. மெஷ்ஷுக்குக் கத்தியால் க்ரீப்வைன் தண்டை வெட்டி எடுக்க வேண்டும். தலையில் மாட்டிக்கொண்டு அதே சிதைவுக்குத் திரும்பினேன். 100 மீட்டருக்குக் கீழேயும் விநாடி விநாடியாகவே இறங்குகிறது ஆக்சிஜன். டேங்க் மாறவில்லை, ஆனால் மூச்சு ஏறக்குறைய புதிதாகக் கிடைத்த மாதிரி இருந்தது. ஆரம்பத்தில் கிடைக்கிற பொருட்களில் இவ்வளவு மலிவாக இவ்வளவு கொடுப்பது வேறெதுவும் இல்லை. வெளியே பேசும்போது எல்லாரும் வண்டிகளைப் பற்றியே பேசுகிறார்கள், ரீபிரீதரைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

சிதைவுகளுக்குள் நுழையும்போது ஒரு முன்னேற்பாடு: மிதக்கும் ஏர் பம்பை மேற்பரப்பில் விட்டுவிட்டு, குழாய்களை ஒன்றோடொன்று இணைத்து வாசல்வரை இறக்கலாம். குழாய் முனையில் காற்று கிடைக்கும். இதைப் பழைய முறை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பெரிய சிதைவுக்குள் வழி தெரியாத முதல் தடவைக்கு இதைவிட நிம்மதி எதிலும் இல்லை. சில கதவுகள் லேசர் கட்டர் இல்லாமல் திறக்காது, அவற்றைக் குறித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 16

அரோரா வெடித்த பிறகு அதன் அருகே கதிர்வீச்சு. 2 ஃபைபர் மெஷ், 2 ஈயம் இருந்தால் கதிர்வீச்சு உடை செய்துகொள்ளலாம். ஆனால் கவனம்: அதன் ஹெல்மெட்டும் ரீபிரீதரும் இரண்டும் தலைக்கு, ஒன்றைத்தான் அணிய முடியும். அந்தப் பக்கம் போனால் ஹெல்மெட், மற்ற இடங்களில் ரீபிரீதர் என்று மாற்றிக்கொள்கிறேன். அந்தக் கலங்கிய நீரில் ரீப்பர் என்ற ராட்சத வேட்டை விலங்கு திரிகிறது, இப்போதைக்கு அங்கே நீண்ட நேரம் நிற்க எண்ணமில்லை.

மார்ச் 21

வண்டி கட்டும் மேடையான மொபைல் வெகிகிள் பேக்கான துண்டுகள் முடிந்தன. சீமாத் துண்டுகளும் கிராஸி பீடபூமியில் தேடிச் சேர்த்தாயிற்று. ரீபிரீதரும் சீகிளைடும் இருந்ததால் ஒவ்வொரு சிதைவையும் சுற்றி முழு வட்டம் போட முடிந்தது, ஒரு துண்டுக்காக மேலும் கீழுமாக அல்லாட வேண்டி வரவில்லை. வண்டிக்கு வேண்டியது டைட்டானியம் இங்காட், பவர் செல், 2 கண்ணாடி, லூப்ரிகன்ட், ஈயம். இங்காட்டுக்கு மட்டும் 10 டைட்டானியம் போகிறது. அதைத் தவிர எல்லாம் லாக்கரில் தயாராக இருக்கிறது.

சீமாத் அப்படியே இறங்கக்கூடியது 200 மீட்டர். அதற்குக் கீழே குகைகளில் வண்டியை நிறுத்திவிட்டு வெளியே நீந்துகிற இடங்கள் நிறைய வரும், அப்போதும் தலையில் இதே ரீபிரீதர், முதுகில் டேங்க், காலில் ஃபின்ஸ்தான். கனமில்லாத இலகு டேங்கும் அல்ட்ரா கிளைடு ஃபின்ஸும் இன்னும் டேட்டா பாக்ஸ்களில் எங்கோ காத்திருக்கின்றன. இன்று இரவு உலோகச் சிதைவு பொறுக்கப் போகிறேன்.