டுவோவை வாங்கலாமா: சில வார நாட்குறிப்பு

2025 மார்ச் 2, ஞாயிறு

பிசி எஞ்சின் டுவோ என்கிற பழைய ஜப்பானிய கேம் கன்சோல் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. இரண்டு மணி நேரமாக அதே நான்கு படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கறுப்புப் பெட்டி, மேலே சிடி மூடி, முன்பக்கம் கேம் கார்டு செருகும் வாய், ஒரு மூலையில் லேசான கீறல். "இதுவரை யாரும் திறக்காதது, நன்றாக வேலை செய்கிறது, ஒலி மட்டும் கொஞ்சம் குறைவு" என்று விற்பவர் எழுதியிருக்கிறார்.

இந்தக் கன்சோல் மேல் எனக்கு ரொம்ப நாளாக ஆசை. 1987 அக்டோபரில் என்இசி, ஹட்சன் என்கிற இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து ஜப்பானில் முதல் பிசி எஞ்சினை வெளியிட்டார்கள். ஒரு கையில் ஏந்திக்கொள்ளும் அளவுக்குச் சின்னது. அடுத்த வருடமே அதற்கு ஒரு சிடி டிரைவ் வந்தது. வீட்டு கேம் கன்சோல் ஒன்றுக்கு சிடி வந்தது அதுதான் முதல் தடவை. 1991-ல் இரண்டையும் ஒரே பெட்டிக்குள் அடக்கி வந்ததுதான் டுவோ. 1993-ல் சிடியில் வந்த டிராகுலா எக்ஸ் ஆட்டத்தை, அது எந்த இயந்திரத்துக்காக எழுதப்பட்டதோ அதே இயந்திரத்தில் ஒரு தடவையாவது ஆடிவிட வேண்டும். இதுதான் முழுக் காரணம், இதற்கு மேல் ஒன்றுமில்லை.

வாங்கினால் ஆர்ஜிபி மாற்றம், அதாவது சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனிக் கம்பியில் வெளியே கொண்டுவரும் வேலை, செய்துவிடலாம், படம் கண்ணாடி மாதிரி வரும் என்று அதற்குள் மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

மார்ச் 3, திங்கள்

காலையிலிருந்து "ஒலி மட்டும் கொஞ்சம் குறைவு" என்கிற அந்த மூன்று நான்கு சொற்கள்தான் மண்டைக்குள் ஓடுகின்றன. டுவோவில் ஒலி குறைந்தால் அதற்கு அர்த்தம் வேறு. போர்டின் மேற்பரப்பில் ஒட்டி உட்கார்ந்திருக்கும் சின்னச் சின்ன அலுமினிய கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் உறுப்புகள்) கசிய ஆரம்பித்துவிட்டன என்று அர்த்தம். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் செய்த இந்த வகை கெப்பாசிட்டர்களில் பலவற்றுக்குள் இருந்த திரவம், அடிப்பக்க ரப்பர் அடைப்பைத் தாண்டி மெதுவாக வெளியே வந்துவிடுகிறது. வந்ததும் சும்மா இருப்பதில்லை, ஈயத்தை மங்க வைக்கும், செம்புத் தடத்தை அரிக்கும், பலகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகும் நுண் துளைகளுக்குள் இறங்கி உள்ளிருக்கும் இணைப்பையே தின்றுவிடும். முதலில் அடிபடுவது பெரும்பாலும் ஒலிப் பகுதி. அப்புறம் சிடி படிப்பது தடுமாறும். கடைசியில் விளக்கு எரியும், திரையில் ஒன்றும் வராது.

அப்படியென்றால் "யாரும் திறக்காதது" என்பதை நல்ல விஷயமாக எடுத்துக்கொள்ள முடியாது. சேகரிப்பவர்கள் இந்த வார்த்தைக்குத்தான் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். மரச்சாமானுக்கு அது சரி. முப்பது வருடத்துக்கு மேலாகக் கசிவு துடைக்கப்படாத போர்டு ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருக்கிறது.

மார்ச் 8, சனி

உள்ளே ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தேன். முதலில், "திறந்தால் மதிப்பு போயிடுமேங்க" என்றார். நியாயமான பயம்தான். கசிவைப் பற்றி நிதானமாக விளக்கி எழுதினேன். நேற்று இரவு மூன்று படங்கள் வந்தன, மனிதர் பொறுமையாக நல்ல வெளிச்சத்தில் எடுத்திருக்கிறார்.

பெரிதாக்கிப் பார்த்தேன். போர்டின் நடுவில் ஈயப் பற்றுகள் எல்லாம் நேற்றுப் போட்டவை மாதிரி பளபளவென்று இருக்கின்றன. ஒலிப் பகுதிக்கு வந்ததும் நிறம் மாறுகிறது. அங்கே ஒரு கெப்பாசிட்டரின் இரண்டு கால்களும் சாம்பல் பூசியது போல மங்கிக் கிடக்கின்றன, அதைச் சுற்றிப் பச்சை மேல்பூச்சு ஒரு காசு அகலத்துக்குக் கறுத்திருக்கிறது, ஈரம் காய்ந்த தரையில் விளிம்பு கட்டுமே, அந்த மாதிரி ஒரு கோடு. பக்கத்தில் இரண்டு துளைகள் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிகின்றன. சிடி பகுதியில் இன்னும் இரண்டு மூன்று இடங்களில் லேசான மங்கல். சிப்புகளின் கால்கள் வரை கசிவு போகவில்லை என்றுதான் படத்தில் தெரிகிறது. மங்கிய இடங்களைக் காகிதத்தில் வட்டம் போட்டு எண்ணி வைத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

படம் பற்றி எழுதிவிடுகிறேன், ஏனென்றால் ஆசை அங்கேதான் தொடங்கியது.

டுவோ வெளியே தருவது காம்போசிட், அதாவது நம் மஞ்சள் வயர். ஒளியும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து வரும், டிவி அதைப் பிரித்தெடுக்க வேண்டும். பிரிப்பது ஒருபோதும் முழுசாக நடக்காது. அதனால்தான் சிவப்பு எழுத்தின் ஓரத்தில் எறும்பு ஊர்வது போலப் புள்ளிகள் நகர்கின்றன. நீல வானத்தின் முன்னால் நிற்கும் கோபுரத்தின் விளிம்பும் அப்படித்தான் கசங்கித் தெரிகிறது. இத்தனைக்கும் உள்ளே இருக்கும் ஹியூசி6260 என்கிற சிப் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகவே வெளியிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் 8 நிலைகள், மொத்தம் 512 நிறங்கள். சுத்தமான படம் போர்டிலேயே இருக்கிறது, அதற்கு வெளியே வர வழி விடவில்லை, அவ்வளவுதான்.

ஆர்ஜிபி மாற்றம் என்றால் அந்த வழியைப் போடுவதுதான். சிப்பின் மூன்று கால்களிலிருந்து மூன்று மெல்லிய கம்பிகள், ஒத்திசைவுக்கு நான்காவதாக ஒன்று. சிப்பிலிருந்து வரும் சிக்னல் டிவி வயரை நேரடியாக ஓட்டும் அளவுக்கு வலுவானது இல்லை என்பதால் நடுவில் ஒரு பெருக்கி வேண்டும். டிஎச்எஸ்7374 என்கிற சிப்பைத்தான் பலரும் போடுகிறார்கள், அது வோல்டேஜை இரண்டு மடங்காக்கி, ஒவ்வொரு வரியிலும் 75 ஓம் மின்தடை போட்டு வெளியே அனுப்ப இடம் கொடுக்கும். இதை வெளியே கொண்டுவரக் கூடுதல் முனைகள் உள்ள ஒரு சாக்கெட் தேவைப்படும். சிலர் பெட்டியின் பின்பக்கத்தைத் துளைத்துப் புது சாக்கெட் வைக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. கம்பியை எடுத்துவிடலாம், சிப்பைக் கழற்றிவிடலாம், அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்கில் போட்ட ஓட்டையை மூட முடியாது. செய்வதாக இருந்தால் ஏற்கெனவே இருக்கும் வட்ட சாக்கெட்டின் இடத்திலேயே, அதே ஓட்டைக்குள் அடங்கும்படிதான்.

அப்புறம் இன்னொன்று. ஆர்ஜிபி வந்துவிட்டாலும் இன்றைய தட்டை டிவியில் நேராகச் செருக முடியாது. 15 கிலோஹெர்ட்ஸ், 240 வரிப் படம் அது. ஓஎஸ்எஸ்சி, ரெட்ரோடிங்க் மாதிரி, அதைப் புது டிவிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ஒரு கருவி நடுவில் வேண்டும். ஆக ஒரு மாற்றம் இன்னொரு செலவைக் கூட்டிக்கொண்டு வருகிறது. என்னிடம் ஒரு பழைய பிக்சர் டியூப் டிவி இருக்கிறது, மஞ்சள் வயர் மட்டும் ஏற்கும்.

மார்ச் 12, புதன்

மாற்று வழிகளையும் யோசித்தேன், யோசிக்காமல் வாங்கியதாக இருக்கக் கூடாது. 1987-இன் வெள்ளைப் பிசி எஞ்சினில் பின்பக்க இணைப்பிலேயே ஆர்ஜிபி வெளியே வருகிறது, பெட்டியைத் திறக்கவே வேண்டாம். ஆனால் சிடி கிடையாது. பழைய கன்சோல்களின் சிப்புகளைப் போலவே நடந்துகொள்ளும் மிஸ்டர் எஃப்பிஜிஏ என்கிற கருவி இருக்கிறது, 2020-இல் வந்த சின்ன மறுபதிப்புக் கன்சோல் இருக்கிறது. படம் மட்டும்தான் வேண்டும் என்றால் இவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். சொல்லப்போனால் யாராவது என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

எனக்கு வேண்டியது மூடியைத் திறந்து சிடியை வைத்து, அது சுழலும் சத்தத்தைக் கேட்பது.

மார்ச் 16, ஞாயிறு

டிவி, ரேடியோ எல்லாம் முப்பது வருடமாகப் பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் எனக்குப் பழக்கம். படங்களைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"கண்டன்சரெல்லாம் அழுதிருக்கு தம்பி. போர்டு இன்னும் சாகல."

நானே கெப்பாசிட்டர்களை மாற்றலாமா என்று கேட்டதும், செத்துப்போன ஒரு போர்டை எடுத்து முன்னால் போட்டு, "முதல்ல இதுல பத்து எடு" என்றார். ஏழாவது வரைக்கும் நன்றாகத்தான் போனது. எட்டாவதில் ஒரு காலில் ஈயம் இளகிவிட்டது, இன்னொரு காலில் இளகவில்லை, நான் கவனிக்காமல் இடுக்கியால் தூக்கிவிட்டேன். கெப்பாசிட்டரோடு சேர்ந்து செம்புத் திட்டு பாசி உரிவது போலப் போர்டிலிருந்து வந்துவிட்டது, கூடவே நகத்தளவு தடமும். கசிந்த இடத்தில் திட்டின் பிடிப்பு ஏற்கெனவே தளர்ந்திருக்கும், நல்ல போர்டிலேயே இப்படி என்றால் அங்கே எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன்.

அண்ணன் அதை ஒரு மெல்லிய கம்பியால் இணைத்துக் காட்டினார். "இழுக்கவே கூடாது. புது ஈயம் நிறைய குடு, ரெண்டு காலும் ஒண்ணா இளகட்டும், அதுவா நகரும், அப்ப எடு." டுவோ வந்தால் கூடவே இருந்து பார்ப்பதாகச் சொன்னார்.

மார்ச் 19, புதன்

வாங்கிவிட்டேன். வீடியோ மாற்றத்தை இந்த முடிவில் சேர்க்கவில்லை. போர்டைக் காப்பாற்ற முடியுமா என்ற ஒரே கேள்வியை மட்டும் வைத்துப் பார்த்தேன், முடியும் என்று தோன்றியது.

மார்ச் 29, சனி

வந்து சேர்ந்தது. மின்சாரம் கொடுக்கவில்லை. கை துடித்தது, ஆனாலும் கொடுக்கவில்லை. நேராகத் திருகுகளைக் கழற்றிப் போர்டை வெளியே எடுத்தேன். படத்தில் பார்த்ததைவிட நிலைமை ஒரு இடத்தில் மோசம், மற்ற இடங்களில் பரவாயில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

நேற்றும் இன்றும் முழுக்க இந்த வேலைதான். முதல் கெப்பாசிட்டரில் சூடு பட்டதுமே கெட்டுப்போன மீன் நாற்றம் கிளம்பியது, ஜன்னலைத் திறந்து மின்விசிறியை வெளிப்பக்கம் திருப்பி வைத்தோம். கசிந்த திரவம் சூடானால் இந்த வாடைதான் வரும், மூக்கே சொல்லிவிடும் எது கசிந்தது எது கசியவில்லை என்று. எல்லாவற்றையும் எடுத்த பிறகு, கசிவு காரத்தன்மை உள்ளது என்பதால் வெள்ளை வினிகரைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு ஒவ்வொரு இடமாகத் துடைத்தோம், அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஊற்றித் துலக்கிக் காய வைத்தோம். பஞ்சு பச்சையாக வந்தது. நிறம் வராமல் போகும்வரை விடவில்லை.

இரண்டு திட்டுகள் போயின, இரண்டுமே ஒலிப் பகுதியில். ஒன்று என் கையில் போனது. இன்னொன்றை அண்ணனே எடுத்தார், சூடு பட்டதும் அதுவாகவே கழன்றுவிட்டது. மல்டிமீட்டரை வைத்துத் தடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம், ஓரிடத்தில் பீப் வரவில்லை. அந்தக் கறுத்த துளைகளில் ஒன்றுதான், உள்ளே அறுந்துவிட்டிருக்கிறது. போர்டின் மேல் ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி. சரியாகிவிட்டது.

ஏப்ரல் 12, சனி

5 வோல்ட் சரியாக வருகிறதா என்று முதலில் அளந்துவிட்டு, டியூப் டிவியில் மஞ்சள் வயரைச் செருகி, சிடியை வைத்து மூடினேன். சுழன்றது, தயங்கியது, மறுபடி சுழன்றது. இசை வந்தது! முழு ஒலியில், இரண்டு பக்கமும்.

அண்ணன், "டிவி சத்தத்தைக் குறை" என்றார். அதுவரை அது உச்சத்தில் இருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

நேற்று நள்ளிரவுவரை ஆடினேன். இப்போது ஆர்ஜிபி விஷயம். சிவப்பு ஓரங்களில் புள்ளிகள் ஊர்வது டியூப் டிவியிலும் தெரிகிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஹியூசி6260-இன் கால்கள் தலைமுடி அகலத்துக்கு நெருக்கமாக நிற்கின்றன, எட்டாவது கெப்பாசிட்டரில் திட்டை உரித்த அதே கை இது. போர்டு ஏற்கெனவே இரண்டு நாள் சூட்டைத் தாங்கியிருக்கிறது. துடைத்தும் எங்காவது மிச்சம் இருந்தால் அரிப்பு தொடரும், அது சில மாதங்களில்தான் தெரியும். எனவே அக்டோபர்வரை காத்திருக்கிறேன். அப்போது திறந்து பார்த்து, புதிதாகப் போட்ட ஈயம் பளபளப்பாகவே இருந்தால் அண்ணன் கையால் அந்த நான்கு கம்பிகள், பழைய சாக்கெட்டின் ஓட்டையிலேயே புது சாக்கெட். எங்காவது மங்கியிருந்தால் மறுபடி துடைப்பதுதான் வேலை, படம் இன்னும் காத்திருக்கட்டும். டிஎச்எஸ்7374 பலகை வாங்கி உறை பிரிக்காமல் மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

டுவோவில் ஆட்டத்தைச் சேமிக்க 2 கிலோபைட் நினைவகம் இருக்கிறது. மின்சாரம் நின்ற பிறகு அதை உயிரோடு வைத்திருப்பது ஒரு கெப்பாசிட்டர்தான், பேட்டரி இல்லை. ரொம்ப நாள் போடாமல் விட்டால் எல்லாம் அழிந்துவிடும். இன்று டிராகுலா எக்ஸில் மரியா என்கிற பாத்திரத்தை மீட்டுச் சேமித்துவிட்டு அணைத்தேன். ஒரு வாரம் தொடப்போவதில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

போட்டேன். சேமித்தது அப்படியே இருக்கிறது.